கல்கட்டின் மேல் ரோஜாப்பூ

ரோஜாப்பூவைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செடியில் பூக்கிற ரோஜாவைச் சொல்லவில்லை. அது பாவம், என்ன செய்தது. கலியாண வீடியோவிலும் சடங்கு வீடியோவிலும் நாலு மூலையிலிருந்தும் சுழன்று வந்து உட்காருமே, அந்தக் கம்ப்யூட்டர் ரோஜாவைச் சொல்கிறேன். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மதுசூதனனின் வீடியோக் கடையில் மூன்று வருஷம் நான் அதைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டியது போக மிச்ச நேரத்தில் அழித்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் கம்சலா. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தத் தோட்டத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, ஏ.எல். பரீட்சை எழுதி, பதுளையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, கதிரையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்பதில் அப்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2003 செப்டெம்பரில் எங்கள் தோட்டத்து வடிவம்மாவின் மகள் லதுஷா பெரிய மனுஷியானாள், அவளுக்குச் சடங்கு. வடிவம்மா கொழுந்தெடுக்கிறவர், நான் சின்னம்மா என்று கூப்பிடுவேன். அவருடைய புருஷன் சிவஞானம் எனக்குச் சித்தப்பா முறை. மூத்த மகன் ஜனகன் கட்டாரில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். தங்கச்சியின் சடங்குக்கு வர முடியாத பிள்ளை பார்க்க வேண்டும் என்றுதான் வீடியோவுக்கே சொன்னார்கள். மதுசூதனன் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்து வந்து, டேப்பை என் மேசையில் வைத்தார்.

அவர்கள் லயத்துக்கு எதிரே ஒரு மேடு. மேட்டுக்கு மேலே இன்னொரு லயம். மேடு சரியாமல் இருக்க வெள்ளைக்காரன் காலத்தில் கருங்கல்லை அடுக்கிச் சுவர் கட்டியிருந்தார்கள். அதை நாங்கள் கல்கட்டு என்போம். கல்கட்டுக்கும் லயத்துக்கும் நடுவே இருக்கிற பத்தடி வாசலில்தான் பந்தல் போட்டிருந்தார்கள். லதுஷாவை எப்படி நிறுத்தி எடுத்தாலும் பின்னால் கல்கட்டுதான் தெரிந்தது. பாசி பிடித்து, தண்ணீர் கசிந்து, நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு.

அந்த டேப்பில் நான் வேலையைத் தொடங்கிய அன்று சின்னம்மாவும் சித்தப்பாவும் கடைக்கு வந்தார்கள். சின்னம்மா திரையைப் பார்த்தார், கல்கட்டைப் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது.

"புள்ள, அந்த கல்கட்டு ரொம்ப அசிங்கமா தெரியுது. கட்டார்ல அவங்கூட வேல செய்ற பயலுக எல்லாம் பாப்பாங்க. எதாச்சும் போட்டு மறச்சி வுடு."

மறைத்தேன். வேண்டாவெறுப்பாக இல்லை, ஆசையாகவே மறைத்தேன். லயத்து வீடியோ எல்லாவற்றுக்கும் இதுதான் வழக்கம். டவுன்காரர்கள் வீட்டை நன்றாகக் காட்டச் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் வீட்டை மறைக்கச் சொல்வார்கள். பாசி இருந்த இடத்தில் ஒரு நீர்வீழ்ச்சியை வைத்தேன். வெடிப்பு இருந்த இடத்தில், மேலிருந்து கீழ்வரை, ரோஜாப்பூ.

சித்தப்பா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "சடங்கு தொடங்க முந்தி நான் கேமராவப் பாத்து தம்பிகிட்ட நாலு வார்த்த பேசியிருக்கேன். அத மட்டும் இப்பவே அனுப்பிறலாமா புள்ள? சிடிய யாராச்சும் கொண்டு போறதுக்கு ரெண்டு மாசம் ஆவுமே."

அனுப்பலாம் என்றேன். ஆனால் டேப்பில் இருப்பதை அப்படியே கம்ப்யூட்டருக்குள் இறக்கினால் ஒரு நிமிஷப் படம் இருநூறு எம்பிக்கு மேல் போய்விடும். ஜனகனுடைய இலவச ஈமெயில் பெட்டியோ ஒரு கடிதத்துக்கு இரண்டு எம்பிதான் விடும். மூட்டையைத் தீப்பெட்டிக்குள் அடைக்கிற வேலை. படத்தைத் தீப்பெட்டி அளவுக்கே சின்னதாக்கினேன். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது.

அது எப்படிச் சுருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. வீடியோ என்பது ஒரு வினாடிக்கு இருபத்தைந்து படம். இருபத்தைந்தையும் முழுசாக வைத்துக்கொள்ள இடம் ஏது? ஆகவே ஒரு படத்தை மட்டும் முழுசாக வைத்துக்கொள்ளும். அடுத்தடுத்த படங்களில் எது அசைந்ததோ அதை மட்டும் எழுதிக்கொள்ளும். கை அசைந்தால் கையை எழுதும். கல்கட்டு அசையாது, ஆகவே அதை ஒரு தடவை, அதுவும் மேலோட்டமாக, சாம்பல் நிறமாக அப்பிவிட்டு விட்டுவிடும். பாசி, கசிவு, வெடிப்பு, எல்லாம் ஒரே அப்பல். அசையாமல் கிடக்கிறதை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்பது அதன் கணிப்பு. தோட்டத்து ஆபீசுக்கும் அதே கணிப்புத்தான்.

அப்படிச் சுருக்கியும் சத்தத்துடன் இரண்டரை எம்பி வந்தது. சத்தத்தை எடுத்தால் ஒன்றரை.

"சித்தப்பா, படம் மட்டும்தான் போகும். சத்தம் போகாது."

"பரவாயில்ல புள்ள. மூஞ்சியப் பாத்தா போதும் அவனுக்கு. சத்தத்த சிடில கேட்டுக்கிறட்டும்."

நான் தலையாட்டினேன். தலையாட்டியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கடையில் சடங்கு சிடிக்கு ஆள் பேசுகிற சத்தம் வைப்பதே இல்லை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை பாட்டு. சித்தப்பா பேசிய இடத்துக்கும் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு, அதையும் நீளமென்று பின்பாதியை வெட்டி, மேலே ரோஜாவை உதிர விட்டேன். சிடியை எழுதிக் கொடுத்த கையோடு கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். நாற்பது கிகா டிஸ்க்கில் மூன்று டேப்புக்கு மேல் தங்காது. அடுத்த வேலைக்கு இடம் வேண்டுமல்லவா.

ஜனவரியில் ஐந்து நாள் விடாமல் மழை. ஆறாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, கல்கட்டுக்கு அடியில் அடைத்துக்கிடந்த கான் வாய்க்காலைத் துப்புரவாக்கித் தண்ணீரைத் திருப்பப் போனார் சித்தப்பா. கல்கட்டு அப்படியே அவர் மேல் இறங்கியது. மூன்று காம்பராவின், அதாவது லயத்து வீட்டின், முன்பக்கம் உடைந்தது, சித்தப்பாவுடையதும் அதில் ஒன்று. சித்தப்பாவை வெளியே எடுக்க இரண்டு மணித்தியாலம் ஆனது. உயிர் இல்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிவதற்குள் தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதம் வந்துவிட்டது. சிவஞானம் அனுமதியில்லாமல் கல்கட்டின் அடியைக் கொத்திக் காய்கறிப் பாத்தி கட்டி லீக்ஸ் போட்டார், அதனால்தான் அது விழுந்தது, அதற்கு முன் கல்கட்டில் எந்த வெடிப்பும் இருக்கவில்லை, யாரும் முறையிடவும் இல்லை, ஆகவே குடும்பம் காம்பராவை விட்டுப் போக வேண்டும். நவம்பரில் நாலு பாத்தி லீக்ஸ் போட்டது உண்மை. வெடிப்பு அதற்கு எத்தனையோ காலம் முந்தியது என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். சொன்னார்கள். "எல்லாம் சொந்தக்காரர், அப்பிடித்தான் சொல்லுவினம்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார் பெரிய கிளாக்கர் பரமலிங்கம். கடிதத்தில் இருந்த கையெழுத்தும் அவருடையதுதான்.

ஆளையும் கொன்று, கொன்றவன் அவனேதான் என்று எழுதியும் கொடுத்தால் எப்படி இருக்கும்!  சின்னம்மாவின் முறைப்பாட்டை விசாரிக்க அரசாங்கத்திலிருந்து வந்த அதிகாரி ஹாஷிம் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் வாய்வார்த்தை போதாது. "லீக்ஸ் போட முந்தி வெடிப்பு இருந்திச்சு எண்டு காட்ட ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டு இரண்டு வாரம் தவணை கொடுத்தார்.

மறுநாள் காலையில் சின்னம்மா சிடியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். வீட்டில் சிடி போட்டுப் பார்க்கிற பெட்டி கல்லுக்கடியில் போய்விட்டது.

"புள்ள, இதுல கல்கட்டு இருக்கும்ல. அந்த வெடிப்பு இருக்கும்ல. ஐயாகிட்ட காட்டுனா போதும்ல."

நான் சிடியைப் போட்டேன். பாட்டு வந்தது. நீர்வீழ்ச்சி வந்தது. லதுஷா சிவப்புச் சேலையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ரோஜா, அதற்கு மேல் ரோஜா, மேலிருந்து கீழ்வரை ரோஜா. சின்னம்மா ஒரு மணித்தியாலம் முழுசாகப் பார்த்தார். எங்காவது ஒரு ஓரத்தில் பூ விலகியிருக்குமா என்று நானும் பார்த்தேன். விலகவில்லை. அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தேன்.

"நாந்தானே மறைக்கச் சொன்னேன்," என்றார் சின்னம்மா. அவருக்கு அழுகை வரவில்லை. "நாந்தானே சொன்னேன்."

எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். எழுந்து மதுசூதனனிடம் போனேன்.

"மொதலாளி, லதுஷா சடங்கு டேப் எங்க?"

"எந்த லதுஷா?"

"செப்டம்பர்ல எடுத்தது. எங்க தோட்டத்துல."

"அதுல வெலிமடக் கலியாணம் ஒண்ணு எடுத்தாச்சே. அதுக்கப்புறம் இன்னொண்ணும் எடுத்தாச்சு." அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன், டேப்பு என்ன மரத்துலயா காய்க்குது? ஒரு வேலைக்கு ஒண்ணுன்னு அடுக்கி வச்சிக்கிட்டு இருக்க?"

"ஆளு செத்துப்போயிட்டாரு மொதலாளி! அவரு உசுரோட இருந்தது அதுல மட்டுந்தான் இருந்துச்சு!"

"அப்ப சிடில?"

"சிடில ரோஜாப்பூ இருக்கு! வேணுமா?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மதுசூதனன் கெட்டவர் இல்லை. டவுனில் எல்லாக் கடையிலும் இப்படித்தான். அதுதான் எனக்கு இன்னும் கோபம். யார் சட்டையைப் பிடிப்பது என்றே தெரியாத மாதிரி எல்லோரும் வழக்கத்தைத்தான் செய்திருந்தோம்.

மேசைக்குத் திரும்பி வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் ஈமெயில் ஞாபகம் வந்தது. கடையின் பெட்டியில் அது இருக்காது. பெட்டி நிரம்பிவிடும் என்று அனுப்பியவுடனே அழிப்பேன். அழிப்பதில் நான் கெட்டிக்காரி என்று சொன்னேனே. ஜனகன் அழித்திருப்பானா? அவனுக்கு அப்போதே ஃபோன் எடுத்தேன்.

"இருக்கு கம்சலாக்கா," என்றான். "அந்தப் பெட்டில அது ஒண்ணுதான் இருக்கு. வேற யாரு எனக்கு ஈமெயில் போடப்போறாங்க? லீவு நாளு, வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம, நெட் கடைக்குப் போயி அப்பாவப் பாத்துட்டு வருவேன்."

பாஸ்வேர்டைச் சொன்னான். லதுஷாவின் பெயரும் பிறந்த திகதியும். அன்றைக்கே திறந்து பார்த்துவிட்டு அதிகாரிக்குச் சொல்லி அனுப்பினோம்.

தவணை நாளில் ஹாஷிம் ஐயா எங்கள் கடைக்கே வந்தார். படத்தை வேறெதிலாவது ஏற்றிக் கொண்டுவந்தால் யாரும் எதையும் மாற்றியிருக்கலாம், அந்தப் பையனின் பெட்டியிலேயே தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். தோட்டத்துப் பக்கமாகப் பரமலிங்கம் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. சின்னம்மா லதுஷாவைக் கூட்டிக்கொண்டு வந்து சுவரோரமாக நின்றார். கதிரை போட்டும் உட்காரவில்லை. கிளாக்கர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை.

மோடம் கீச்சிட்டு, முக்கி, ஒருவழியாக லைன் கிடைத்தது. பெட்டியைத் திறந்தேன். ஒரேயொரு கடிதம். படம் இறங்கி முடிய இருபது நிமிஷம் எடுத்தது. 

திரையில் தீப்பெட்டி அளவு சதுரம். அதற்குள் சித்தப்பா. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பின்னால் சாம்பல் அப்பல். ஹாஷிம் ஐயா நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். கிளாக்கர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கல்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ. நடுவில் கொஞ்சம் கறுப்பு.

"உது நிழல் ஐயா," என்றார் பரமலிங்கம். "பந்தல் கால் ஒண்டின்ர நிழல். உதை வச்சுக்கொண்டு ஒண்டும் சொல்லேலாது."

"எனக்கும் வடிவா தெரியுதில்ல, தங்கச்சி," என்றார் ஹாஷிம் ஐயா.

"நிறுத்துனா தெரியாது ஐயா! ஓட விட்டுப் பாருங்க!" என்று கத்தியே விட்டேன்.

ஓட விட்டேன். சித்தப்பாவின் வாய் அசைகிறது. சிரிக்கிறார். ஏதோ சொல்கிறார். பிறகு முகம் மாறுகிறது. திரும்பிக் கல்கட்டுக்குப் போகிறார். வலது கையை நீட்டுகிறார். அந்தக் கறுப்புக்குள் விரல் போனது, மணிக்கட்டுப் போனது, முழங்கை வரைக்கும் போனது. வெளியே எடுத்து, கையில் ஒட்டியிருந்த சேற்றைக் கேமராவுக்குக் காட்டினார். அசையாததையெல்லாம் அப்பித் தள்ளிவிட்ட கம்ப்யூட்டர், அசைந்த அந்தக் கையை மட்டும் ஒழுங்காக எழுதி வைத்திருந்தது.

"நிழலுக்குள்ள முழங்கை போகுமா ஐயா?" என்று கேட்டேன். கிளாக்கரைப் பார்த்துத்தான் கேட்டேன்.

அவர் லேசில் விடவில்லை. "உது எப்ப எடுத்தது எண்டு ஆருக்குத் தெரியும்? லீக்ஸ் போட்டாப் பிறகு எடுத்ததாயும் இருக்கலாம். படத்தின்ர மூலையில பாருங்கோ, தொண்ணூற்றெட்டாம் ஆண்டெண்டு கிடக்கு."

கிடந்ததுதான். மதுசூதனன் வாங்கிய நாளிலிருந்து கேமராவின் திகதியைச் சரிப்படுத்தியதே இல்லை. ஹாஷிம் ஐயா என்னைப் பார்த்தார். நான் படத்தை மூடிவிட்டுக் கடிதத்தின் தலைப்பகுதியைத் திறந்து காட்டினேன். அனுப்பிய நாள், வந்து சேர்ந்த நாள், மணி, நிமிஷம், வினாடி. 2003 செப்டெம்பர் 17. இது கடைக் கம்ப்யூட்டர் போட்ட திகதி மட்டுமில்லை, கடிதத்தை வாங்கிக்கொண்ட ஈமெயில் கம்பெனியின் கம்ப்யூட்டர் போட்டதும் இருக்கிறது, அதை எங்கள் யாராலும் மாற்ற முடியாது என்றேன். ஹாஷிம் ஐயா தன் புத்தகத்தில் எழுதினார். இன்னொரு தடவை ஓட விடச் சொல்லி, சித்தப்பாவின் காலடியில் லீக்ஸ் பாத்தி இல்லை என்பதையும் எழுதினார். பிறகு கிளாக்கரிடம் திரும்பினார்.

"நவம்பர்ல போட்ட லீக்ஸ் செப்டம்பர்ல சுவர வெடிக்க வைக்காது, மிஸ்டர் பரமலிங்கம். காம்பராவ விடச் சொல்லி இனி ஒரு கடிதமும் போகக் கூடாது. கல்கட்டப் பத்தி நான் தொரைகிட்டயே கேட்டுக்கிறன்."

பரமலிங்கம் பேனாவைப் பைக்குள் செருகிக்கொண்டு எழுந்து போனார். சின்னம்மாவைத் தாண்டித்தான் போனார்.  அந்த முதுகைப் பார்த்து இரண்டு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது வந்தது வெறும் சந்தோஷம். ஜெயித்துவிட்டோம், என் வேலையால் ஜெயித்துவிட்டோம் என்கிற சந்தோஷம்.

எல்லோரும் போன பிறகு சின்னம்மா முதல் தடவையாகக் கதிரையில் உட்கார்ந்தார். லதுஷா பின்னால் நின்றாள்.

"இன்னொருக்கா போடு புள்ள."

போட்டேன். முடிந்தால் தானாகவே முதலிலிருந்து ஓடும்படி வைத்தேன். இரண்டு தடவை ஓடியது. மூன்றாம் தடவை சின்னம்மா திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"சத்தத்த வையி."

"சத்தம் இல்ல சின்னம்மா. பெட்டிக்குள்ள போகாதுன்னு எடுத்துட்டேன்."

"அப்ப சிடில இருக்கும்ல?"

"அதுல பாட்டு."

"டேப்புல?"

டேப்பில் இப்போது யாரோ ஒருவருடைய கலியாணம். அவருக்கே தெரியும்.

"மூணு தடவ ஆபீசுக்குப் போயி சொன்னத தம்பிகிட்ட சொல்றாரோ என்னமோ," என்றார். "அதுக்கு முந்தி சிரிக்கிறாரே, அங்க என்ன சொல்றாரு? நான் அன்னைக்கி அடுப்படில கெடந்தேன், கேக்கல. நீ கேட்டிருப்பியே. காதுல மாட்டிக்கிட்டுத்தானே வேல செய்வ."

ஹெட்போன் மாட்டியிருந்தேன். அது உண்மை. சித்தப்பாவின் குரல் என் இரண்டு காதுக்குள்ளும் ஓடியது. நான் பார்த்துக்கொண்டிருந்தது சத்தத்தின் அளவைக் காட்டுகிற பச்சைக் கோட்டை. அது சிவப்புக்குப் போகவில்லை, சரி என்று அடுத்த வேலையைப் பார்த்தேன். தம்பி என்று தொடங்கினார். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மிச்சம் ஒரு சொல் கூட இல்லை. என்னவாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. உன்னை நினைத்துக்கொண்டே இருக்கிறேன் என்றார், உடம்பைப் பார்த்துக்கொள் என்றார், எந்தத் தகப்பனும் சொல்கிறதுதானே. சின்னம்மாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

"ஞாபகம் இல்ல சின்னம்மா."

கிளாக்கரிடம் கூடக் குரலை உயர்த்தாத மனுஷி எழுந்து நின்றார். கதிரை பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"தொரை கேக்கல. கிளாக்கர் கேக்கல. அவுங்க கேக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். நீ லயத்துப் புள்ளடி! ஒங்காதுக்குள்ள வந்து பேசியிருக்காரு மனுசன். நீயுமா கேக்கல?"

லதுஷாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். சிடி என் மேசையிலேயே கிடந்தது. திரையில் சித்தப்பா மறுபடியும் சிரித்தார், மறுபடியும் வாயைத் திறந்தார். நான் காதில் மாட்டுகிறதை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.